கேளுங்கள், வாடகைக்கும் வழியுண்டு

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வாடகை பற்றியவை. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டோம். பிரித்தானியாவில் குறைந்த வருமானத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு அரசு உதவி உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், வீடு தேடி யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள். எப்படிக் கேட்பது, எங்கே கேட்பது என்பதைப் பார்ப்போம்.

கேள்வி: பெனிபிட் எடுத்தால் மானம் போய்விடும் என்கிறார் என் கணவர். இரண்டு மாத வாடகை பாக்கி. என்ன சொல்லிப் புரியவைப்பது?
(வாசகி, குரொய்டன்)

பதில்: மானத்துக்கு ஆபத்து பாக்கியால்தான், பெனிபிட்டால் அல்ல. அவருடைய சம்பளத்தில் மாதாமாதம் வரி கழிகிறது. அந்த வரிப் பணத்தில் நடக்கும் ஏற்பாடு இது. இந்த நாட்டின் நலத்திட்டங்களுக்கு அடித்தளம் போட்ட பெவரிட்ஜ், 1942ஆம் ஆண்டு அறிக்கையிலேயே வாடகையைத் தனிச் சிக்கலாக எடுத்துப் பேசினார். மற்றச் செலவுகளைப் போலன்றி வாடகை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறுகிறதே, எல்லோருக்கும் ஒரே தொகை எப்படிப் போதும் என்பது அவருடைய கவலை. எண்பது ஆண்டுகள் கழித்து நீங்கள் படும் பாடும் அதுதான். கணவன் மனைவி ஒரே வீட்டில் இருந்தால் கூட்டு விண்ணப்பம்தான். அவரும் சேர வேண்டும். இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஒருவர் ஹவுசிங் பெனிபிட் என்கிறார், இன்னொருவர் யூனிவர்சல் கிரெடிட் என்கிறார். எனக்கு எது?
(வாசகர், வெம்பிளி)

பதில்: உங்கள் வயதுதான் அதைத் தீர்மானிக்கும். ஓய்வூதிய வயதை எட்டாதவருக்கு யூனிவர்சல் கிரெடிட். வாடகைக்கான தொகை அதற்குள் ஒரு பங்காக வரும். விண்ணப்பம் இணையம் வழியே. ஓய்வூதிய வயதை எட்டியவருக்கு ஹவுசிங் பெனிபிட். அதைக் கவுன்சிலிடம் கேட்க வேண்டும். தம்பதியில் ஒருவர் மட்டும் அந்த வயதை எட்டியிருந்தால், 2019 மே மாதத்திலிருந்து புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு யூனிவர்சல் கிரெடிட்தான். கவுன்சில் தந்த தற்காலிக வீட்டிலோ, சிலவகை ஆதரவு இல்லங்களிலோ இருப்பவர்களுக்கு வயது எதுவானாலும் வாடகைக்கு ஹவுசிங் பெனிபிட்.

கேள்வி: வேலை செய்பவர்களுக்கு ஒன்றும் கிடையாது என்று கடையில் கூட நிற்பவர்கள் சொல்கிறார்கள். ஒரு பிள்ளையுடன் தனியாக இருக்கிறேன். கைக்கு வருவது மாதம் 1,000 பவுண்ட்.
(வாசகி, ஹேய்ஸ்)

பதில்: அவர்கள் சொல்வது தவறு, தங்கச்சி. ஒரு தாளை எடுங்கள், கணக்குப் போடுவோம். 2025-26 விகிதப்படி 25 வயது கடந்த தனியாளுக்கு அடிப்படைத் தொகை 400.14 பவுண்ட். 2017 ஏப்ரலுக்குப் பின் பிறந்த ஒரு பிள்ளைக்கு 292.81. வாடகைப் பங்கு 1,100 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 1,792.95.

இனிச் சம்பளம். பிள்ளை இருப்பதால் முதல் 411 பவுண்டைத் தொடமாட்டார்கள். மிச்சம் 589. அதில் 55 சதவீதம், அதாவது 323.95 கழியும். உங்களுக்கு வருவது 1,469 பவுண்ட். சம்பளத்துக்கு மேலதிகமாக இது. விகிதங்கள் ஏப்ரல் தோறும் மாறும். கணக்கு முறை இதுதான். பிள்ளையோ, வேலைத்திறனைக் குறைக்கும் நோயோ இல்லாதவருக்கு அந்த 411 சலுகை இல்லை. முதல் பவுண்டிலிருந்தே 55 பென்ஸ் கழியும். அப்போதும் வாடகை கூடிய ஊர்களில் ஏதாவது மிஞ்சுவதுண்டு. ‘டேர்ன் டு அஸ்’ தளத்தில் இலவசக் கணிப்பான் இருக்கிறது. கடைப் பேச்சை நம்புமுன் அதில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: எல்லாப் பத்திரங்களும் கைக்கு வரட்டும், அடுத்த மாதம் விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். சரிதானே?
(வாசகர், இல்ஃபோர்ட்)

பதில்: சரியில்லை. பால் காய்ச்சத்தான் நல்ல நாள் பார்க்க வேண்டும். விண்ணப்பத்துக்கு இன்றே நல்ல நாள். யூனிவர்சல் கிரெடிட் நீங்கள் விண்ணப்பத்தை அனுப்பிய நாளிலிருந்துதான் கணக்கு. ஆதாரங்களைப் பிறகு கொடுக்கலாம். போன மாதத்தைப் பிறகு கேட்க முடியாது. நோய், உடல் இயலாமை, இணையத்தளக் கோளாறு போன்ற சில காரணங்களுக்கு மட்டும் பின்தேதியிடுவார்கள். அதுவும் அதிகபட்சம் ஒரு மாதம்.

கேள்வி: முதல் காசு வர ஐந்து வாரம் ஆகுமாம். அதுவரை வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது?
(வாசகி, டூட்டிங்)

பதில்: உண்மையைச் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். ஒரு மாதம் கணக்கு, அதன்மேல் ஏழு நாள் வரை என்பதால்தான் ஐந்து வாரம். விண்ணப்பித்த கையோடு முன்பணம் கேட்கலாம். முதல் மாதம் வரக்கூடிய முழுத் தொகை வரை தருவார்கள். அது வட்டியில்லாக் கடன். பின்வரும் தொகைகளில் 24 மாதம் வரை பிரித்துக் கழிப்பார்கள். பழைய ஹவுசிங் பெனிபிட்டிலிருந்து மாறுகிறவர்களுக்கு இரண்டு வாரப் பெனிபிட் மேலதிகமாக வரும். அதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை.

கேள்வி: வாடகை ஒப்பந்தம் எழுதவில்லை. மாதாமாதம் கையில் காசாகக் கொடுக்கிறேன். எனக்கெல்லாம் தருவார்களா?
(வாசகர், லூசியம்)

பதில்: தருவார்கள். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். ஆனால் நீங்கள் வாடகை கட்டுவதை நிரூபிக்க வேண்டும். விண்ணப்பத்தின் வீட்டுப் பக்கத்தில் கேட்பவை இவை: வாடகை எவ்வளவு, வாரமா மாதமா, எப்போது குடிவந்தீர்கள், எத்தனை படுக்கையறை, வீட்டுக்காரர் பெயர், முகவரி, தொலைபேசி. இவற்றை அவரிடம் ஒரு கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். முகவரி, தொகை, தொடங்கிய தேதி, கையெழுத்து நான்கும் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இந்த மாதத்திலிருந்தே வங்கி வழியாகக் கட்டுங்கள். அவர் காசுதான் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள். வாரவாடகைக்கு இருப்பவருக்கு வாடகைப் புத்தகம் கொடுப்பது 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை.

கேள்வி: வாரம் 250 பவுண்ட் வாடகை. நாலு வாரம் ஒரு மாதம் என்று 1,000 எழுதினேன். தவறா?
(வாசகர், மிச்சம்)

பதில்: வருடத்துக்கு 1,000 பவுண்ட் தவறு. 250ஐ 52ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் மாதம் 1,083.33. வாரவாடகையை வாரவாடகையாகவே எழுதுங்கள். மாதக் கணக்கை அவர்கள் போட்டுக்கொள்வார்கள். இன்றே திருத்தச் சொல்லி, யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் உள்ள ‘ஜேர்னல்’ பக்கத்தில் செய்தி அனுப்புங்கள்.

கேள்வி: வாடகை 1,500 பவுண்ட். தந்ததோ அதைவிடக் குறைவு. ஏமாற்றிவிட்டார்களா?
(வாசகி, ஹரோ)

பதில்: ஏமாற்றவில்லை, ஆனால் விதி கடுமையானது. தனியார் வீடுகளுக்கு ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. எல்.எச்.ஏ. என்று பெயர். ஒரு வட்டாரத்தில் நூறு வீடுகளை வாடகை ஏறும் வரிசையில் நிறுத்தினால், முப்பதாவது வீட்டின் வாடகைதான் உங்கள் உச்சவரம்பு. 2011க்கு முன் ஐம்பதாவது வீடாக இருந்தது, குறைத்துவிட்டார்கள். 2024 ஏப்ரலில் புதுப்பித்தபோதும் 2023 செப்டம்பர் வரையான வாடகைகளை வைத்தே கணித்தார்கள். அதன்பின் மறுபடி உறைய வைத்தார்கள். வாடகை ஏறுகிறது, வரம்பு நிற்கிறது, இடைவெளியை ஏழைக் குடும்பம் சாப்பாட்டுக் காசிலிருந்து நிரப்புகிறது. இது மாற வேண்டும் என்று உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள்.

உங்களுக்கு உடனே வேண்டியது கவுன்சிலின் மேலதிக உதவி. டி.எச்.பி. என்று சொல்லி வந்தார்கள். 2026 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் அது நெருக்கடி உதவி நிதியோடு சேர்கிறது. பெயர் எதுவானாலும் கேட்கும் இடம் கவுன்சில். வரவு, செலவு, பாக்கி, நோய், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் எழுதுங்கள். வட்டாரத்தின் வரம்பை அரசுத் தளத்தில் உங்கள் தபால் குறியீட்டைப் போட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: எனக்கு 29 வயது, தனியாள். ஒரு படுக்கையறை வீட்டு வாடகை தரமாட்டார்களாமே?
(வாசகர், லெஸ்டர்)

பதில்: தனியார் வீடென்றால் 35 வயதுக்குட்பட்ட தனியாளுக்குப் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கான விகிதம்தான். 2012க்கு முன் இந்த வயது 25. விலக்குகள் உண்டு: நோய், உடல் இயலாமைக்கான ‘பிப்’ கொடுப்பனவின் அன்றாட வாழ்க்கைப் பகுதி பெறுவோர், வீடற்றோர் விடுதியில் மூன்று மாதம் தங்கியவர்கள், காப்பகத்தில் வளர்ந்த 25 வயதுக்குட்பட்டவர்கள், குடும்ப வன்முறைக்குத் தப்பியவர்கள். இவற்றில் ஒன்று பொருந்தினாலும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கணினி கேட்காமல் போகலாம்.

கேள்வி: அண்ணாவின் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். அண்ணா தம்பிக்குள் வாடகையா என்று நிராகரிப்பார்களா?
(வாசகர், ஈஸ்ட்ஹாம்)

பதில்: அண்ணாவும் அதே வீட்டில் இருந்தால் கிடைக்காது. அவர் வேறு வீட்டில் இருந்து, இது அவருக்குச் சொந்தமான இன்னொரு வீடு என்றால் கிடைக்கும். ஆனால் வாடகை உண்மையான வாடகையாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் உண்டா, காசு உண்மையில் கைமாறுகிறதா, வேறொருவரிடமும் இதே தொகை வாங்கியிருப்பாரா, கட்டாவிட்டால் என்ன செய்வார் என்றெல்லாம் கேட்பார்கள். பெனிபிட்டுக்காக மட்டும் எழுதிய ஒப்பந்தம் என்று தெரிந்தால் நிராகரிப்போடு முடியாது, வழக்கும் வரலாம். பாசத்தை நெஞ்சில் வையுங்கள். வாடகையை வங்கிக் கணக்கில் காட்டுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு காணி, கழுத்தில் தாலிக்கொடி, வங்கியில் 9,000 பவுண்ட். எனக்கு உதவி உண்டா?
(வாசகி, நியூ மோல்டன்)

பதில்: மூன்றையும் தனித்தனியே பார்ப்போம், அக்கா. தாலிக்கொடியும் நகைகளும் சொந்த உடைமை, சேமிப்பில் சேராது. வங்கிக் காசில் முதல் 6,000 கணக்கில் வராது. அதற்கு மேல் ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 பவுண்ட் வருமானம் வருவதாக வைத்துக் கழிப்பார்கள். உங்கள் 9,000க்கு 52.20 பவுண்ட். மொத்தச் சேமிப்பு 16,000ஐத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட் இல்லை.

காணியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெளிநாட்டுச் சொத்தும் சொத்துத்தான். அங்கே விற்றால் கிடைக்கும் விலையில் விற்பனைச் செலவுக்காக 10 சதவீதம் கழித்துக் கணிப்பார்கள். ஓய்வூதிய வயதடைந்த நெருங்கிய உறவினர் குடியிருக்கும் வீட்டை விலக்கும் விதி ஒன்று உண்டு. அந்தக் காணியில் வீடிருந்து உங்கள் பெற்றோர் குடியிருந்தால் ஆலோசகரிடம் அதைக் காட்டுங்கள். மறைத்துப் பெற்ற காசைப் பின்னால் முழுவதும் திருப்பிக் கேட்பார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. தனியார் வீட்டில் தனியாக இருக்கிறா. சேமிப்பு 18,000 பவுண்ட் என்பதால் ஒன்றும் கிடைக்காது என்று விட்டுவிட்டோம்.
(வாசகி, சட்டன்)

பதில்: விட்டது தவறு. முதலில் பென்ஷன் கிரெடிட்டுக்கு விண்ணப்பியுங்கள். அதற்குச் சேமிப்பில் உச்சவரம்பே இல்லை. 10,000க்கு மேல் உள்ளதற்கு மட்டும் ஒரு சிறு வருமானம் கணிப்பார்கள். அதன் ‘கேரண்டி’ பகுதி அம்மாவுக்குக் கிடைத்துவிட்டால், ஹவுசிங் பெனிபிட்டுக்கான 16,000 தடையும் விலகிவிடும். பென்ஷன் கிரெடிட்டையும் ஓய்வூதிய வயதினரின் ஹவுசிங் பெனிபிட்டையும் மூன்று மாதம் வரை பின்தேதியிட்டுத் தருவார்கள். அம்மாவுக்கு இரண்டு விண்ணப்பமும் ஒரே வாரத்தில் போகட்டும்.

கேள்வி: மகனுக்கு 23 வயது, எங்களோடுதான் இருக்கிறான். வாடகைத் தொகையில் அவனுக்காகக் கழிக்கிறார்கள். நியாயமா?
(வாசகர், குயின்ஸ்பெரி)

பதில்: விதிப்படி வளர்ந்த பிள்ளையும் வாடகைக்குப் பங்கு தர வேண்டும். 2025-26இல் யூனிவர்சல் கிரெடிட்டில் அது மாதம் 93.02 பவுண்ட். 21 வயதுக்குக் கீழென்றால் கழிக்கக்கூடாது. உங்களுக்கோ மனைவிக்கோ பிப் கொடுப்பனவின் அன்றாட வாழ்க்கைப் பகுதி கிடைத்தாலும் கழிக்கக்கூடாது. இவை எதுவும் பொருந்தாவிட்டால், தம்பி, மாதாமாதம் அம்மா கையில் அந்த 93ஐயாவது வை. இதை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: கவுன்சில் வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் மணமாகிப் போய்விட்டார்கள். இரண்டு அறை மிச்சம். வாடகைக் காசைக் குறைத்துவிட்டார்கள்.
(வாசகி, லீட்ஸ்)

பதில்: ‘படுக்கையறை வரி’ என்று மக்கள் பெயர் வைத்த விதி அது. 2013 ஏப்ரலில் வந்தது. உழைக்கும் வயதினருக்கு ஓர் அறை கூடினால் வாடகையில் 14 சதவீதம், இரண்டோ அதற்கு மேலோ கூடினால் 25 சதவீதம் வெட்டு. நோயின் காரணமாகக் கணவனும் மனைவியும் தனித்தனி அறையில் படுக்க வேண்டியிருந்தால், அல்லது இரவில் பராமரிப்பாளர் தங்கினால், அந்த அறை மிச்ச அறையாகாது. எதுவும் பொருந்தாவிட்டால் கவுன்சிலின் மேலதிக உதவியைக் கேளுங்கள். சிறிய வீட்டுக்கு மாறும் பட்டியலிலும் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: வீட்டு விளம்பரத்தில் ‘பெனிபிட்காரருக்கு இல்லை’ என்று போடுகிறார்களே, சட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறதா?
(வாசகர், பேர்மிங்ஹாம்)

பதில்: 2020 ஜூலையில் யோர்க் நகர நீதிமன்றம், பெனிபிட் வாங்குகிறார் என்பதற்காகவே ஒட்டுமொத்தமாக மறுப்பது சமத்துவச் சட்டத்துக்கு எதிரானது என்றது. மறுக்கப்படுபவர்களில் பெண்களும் உடல் இயலாதவர்களுமே அதிகம் என்பது காரணம். 2025இல் வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் இதை நேரடியாகவே தடை செய்கிறது. உங்களால் வாடகை கட்ட முடியுமா என்று வீட்டுக்காரர் பார்க்கலாம். காசு எங்கிருந்து வருகிறது என்பதற்காகக் கதவை மூடக்கூடாது. விளம்பரத்தைப் படமெடுத்து, கவுன்சிலுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: “விண்ணப்பத்தில் என் பெயரை எழுதினால் அடுத்த நாளே பூட்டை மாற்றிவிடுவேன்” என்கிறார் வீட்டுக்காரர்.
(பெயர் வேண்டாம் என்ற வாசகி, லண்டன்)

பதில்: மாற்றினால் குற்றவாளி அவர். நீதிமன்ற ஆணை இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றுவது 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவர் சொன்னதைத் தேதியோடு எழுதி வையுங்கள். தொலைபேசிச் செய்தியை அழிக்காதீர்கள். ஷெல்டர் அமைப்பின் இலவச எண் 0808 800 4444. உங்கள் வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்தால் பாதுகாப்புக் குறைவு. அப்படியானால் விண்ணப்பிக்கும் முன்பே அவர்களோடு பேசிவிடுங்கள்.

கேள்வி: வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. சாமான் கட்டட்டுமா?
(வாசகர், சவுத்தென்ட்)

பதில்: கட்டாதீர்கள். கடிதம் வேறு, நீதிமன்ற ஆணை வேறு. ஆணைக்கு முன் நீங்களாக வெளியேறினால், வீட்டை நீங்களே விட்டுவிட்டீர்கள் என்று கவுன்சில் சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். 56 நாளுக்குள் வீடிழக்கும் அபாயம் உள்ளவருக்கு உதவுவது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலின் கடமை. நாளைக் காலையே போங்கள். 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் காரணம் சொல்லாத வெளியேற்றம் ஒழிகிறது. பாக்கிக்காகக் கட்டாயம் வெளியேற்றும் வரம்பும் இரண்டு மாதத்திலிருந்து மூன்று மாதமாகிறது. அதில் யூனிவர்சல் கிரெடிட்டின் வாடகைத் தொகை வந்துசேராததால் நின்ற பாக்கியைச் சேர்க்கக்கூடாது. உரிய நேரத்தில் விண்ணப்பித்தவரின் வீடு இப்படியும் காப்பாற்றப்படும்.

கேள்வி: கணவரின் அடி தாங்காமல் பிள்ளைகளோடு தோழி வீட்டில் இருக்கிறேன். பழைய வீட்டு வாடகையும் என் பெயரில். இரண்டு வாடகை எப்படிக் கட்டுவேன்?
(வாசகி, லண்டன்)

பதில்: அம்மா, நீங்கள் செய்தது சரி. வன்முறைக்குப் பயந்து வெளியேறியவர், திரும்பிப்போகும் எண்ணம் இருந்தால், இரண்டு வீட்டு வாடகைக்கும் 12 மாதம் வரை உதவி பெறலாம். இனித் தனியாள் விண்ணப்பம்தான். அவருடைய கணக்குக்குப் போகும் காசில் நீங்கள் தங்கியிருக்க வேண்டியதில்லை. புதிய முகவரி அவருக்குத் தெரியக்கூடாது என்று அலுவலகத்தில் சொல்லுங்கள். குடும்ப வன்முறைத் தேசிய உதவி எண் 0808 2000 247. இரவு பகல் எந்நேரமும் இலவசம். இந்தப் பக்கத்தில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் அந்த எண்ணைச் சுழற்றுங்கள்.

கேள்வி: விசாவில் ‘பொதுநிதி கூடாது’ என்று இருக்கிறது. மனைவி பிரித்தானியக் குடிமகள். விண்ணப்பித்தால் என் விசா போய்விடுமா?
(வாசகர், மில்டன் கீன்ஸ்)

பதில்: நீங்கள் விண்ணப்பித்தால் விசா நிபந்தனையை மீறியதாகிவிடும். மனைவி விண்ணப்பிக்கலாம். அவருக்குத் தனியாள் விகிதம். உங்கள் வருமானமும் சேமிப்பும் கணக்கில் வரும், உங்களுக்கென்று தொகை வராது. ஒரே ஒரு முறை குடிவரவு ஆலோசகரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வதே சட்டவிரோதம். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்குப் போகலாமா? காசு நின்றுவிடுமா?
(வாசகி, சவுத்ஹால்)

பதில்: திருவிழா 25 நாள், யூனிவர்சல் கிரெடிட்டில் வெளிநாடு போக ஒரு மாதம் வரை இடமுண்டு. போகுமுன் ஜேர்னலில் தேதிகளை அறிவியுங்கள். வேலை தேடும் கடமை உள்ளவர் அங்கிருந்தும் அதைச் செய்ய வேண்டும். நெருங்கிய உறவினரின் மரணத்தால் திரும்ப முடியாமல் போனால் இன்னொரு மாதம் நீட்டலாம். தேரையும் தீர்த்தத்தையும் பார்த்துவிட்டு நேரத்துக்குத் திரும்புங்கள்.

கேள்வி: வாடகைக் காசு என் கணக்குக்கு வருகிறது. வந்த கையோடு வேறு கடன்காரர் இழுத்துவிடுகிறார்கள்.
(வாசகர், ரெடிங்)

பதில்: நேரே வீட்டுக்காரருக்குப் போகச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மாத பாக்கி, கடன் சுமை, மனநோய், அடிமைப் பழக்கம் போன்ற காரணங்களை ஏற்பார்கள். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்கள் காரணம் சொல்லாமலே இதைத் தெரிவு செய்யலாம்; வட அயர்லாந்தில் வாடகைப் பங்கு நேரே வீட்டுக்காரருக்குப் போவதுதான் வழக்கம்.

கேள்வி: யூனிவர்சல் கிரெடிட் கிடைத்துவிட்டது. கவுன்சில் வரியும் தானாகக் குறையுமா?
(வாசகர், ஸ்லவ்)

பதில்: குறையாது. அதற்குக் கவுன்சிலிடம் தனி விண்ணப்பம். இன்றைக்கே போடுங்கள்.

கேள்வி: நிராகரித்துவிட்டார்கள். இனி என்ன?
(வாசகி, லூட்டன்)

பதில்: சண்டை பிடிக்க வேண்டும். முடிவின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயம். அங்கே இருப்பவர்கள் பெனிபிட் துறையின் ஆட்கள் அல்ல, கட்டணமும் இல்லை. “அநியாயம்” என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த உண்மையைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள், அதற்கு எந்தத் தாள் சாட்சி என்று எழுதுங்கள்.

கேள்வி: ஆங்கிலம் போதாது. விண்ணப்பத்தை நிரப்பித் தர ஒருவர் 100 பவுண்ட் கேட்கிறார்.
(வாசகர், பார்க்கிங்)

பதில்: ஒரு பென்ஸும் கொடுக்காதீர்கள், ஐயா. சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் ‘ஹெல்ப் டு கிளெய்ம்’ இலவசம். இங்கிலாந்தில் 0800 144 8444. யூனிவர்சல் கிரெடிட் எண் 0800 328 5644. “டமில் இன்டர்பிரிட்டர் பிளீஸ்” என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வார்கள். கணினி முடியாதவர் தொலைபேசியிலேயே விண்ணப்பிக்கலாம். கடவுச்சொல்லை எவரிடமும் கொடுக்காதீர்கள். அதை வைத்து முன்பணத்தை எடுத்துக்கொண்டு மறைந்தவர்கள் உண்டு. கடன் உங்கள் தலையில்தான் நிற்கும்.

கேள்வி: தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமைகளில் ஓர் உதவி மேசை போட நினைக்கிறோம், நான்கு இளைஞர்கள். எதிலிருந்து தொடங்குவது?
(வாசகி, ஹவுன்ஸ்லோ)

பதில்: இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன், தங்கச்சி. நாங்கள் போடும் உதவி மேசைக்கு வருபவர்கள் பெரும்பாலும் பிஸ்கட் டின்னிலோ கடைப் பையிலோ கடிதங்களை அள்ளிக்கொண்டு வருவார்கள். பாதி உறைகள் பிரிக்கப்படாமலே இருக்கும். பிரித்துத் தேதிவாரியாக அடுக்குங்கள். கெடு முடியப்போகும் கடிதம் மேலே வந்துவிடும். அடுத்தது ஜேர்னல். ஒரு முறை ஓர் அம்மாவின் தொலைபேசியைத் திறந்தோம்; “வீட்டுச் செலவை உறுதிப்படுத்துங்கள்” என்ற வேலை வாரக்கணக்காகத் திறக்கப்படாமல் கிடந்தது. வாடகைப் பங்கு நின்றதற்கு அது ஒன்றே காரணம். அதை அவரையே அழுத்தச் செய்தோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதனால் உங்கள் மேசைக்கு நான்கு விதிகள். விண்ணப்பத்தை அவர்கள் கையாலேயே நிரப்பச் செய்யுங்கள்; அடுத்த முறை நீங்கள் இல்லாமலே செய்வார்கள். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, வாடகைச் சான்று, பிள்ளைகளின் விபரம், சம்பளச் சிட்டை, குடிவரவு நிலை ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்லி ஒரு தமிழ்த் துண்டுத்தாள் அச்சிட்டுக் கோயிலிலும் கடையிலும் வையுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாய் தகப்பனின் கடனைப் பத்து வயதுப் பிள்ளை வாய்விட்டு வாசிக்க வேண்டியதில்லை. குடிவரவுக் கேள்வி வந்தால் பதில் சொல்லாமல் பதிவு பெற்றவரிடம் அனுப்புங்கள்.

மேசை போடுவதற்கு முன் நான்கு பேரும் உங்கள் ஊர்ச் சிட்டிசன்ஸ் அட்வைஸ் கிளையில் தொண்டராகச் சேர்ந்து பயிற்சி எடுங்கள். அதற்குக் காசு கேட்பதில்லை. முதல் சனிக்கிழமை இரண்டு பேர்தான் வருவார்கள். அந்த இரண்டு பேரின் விண்ணப்பத்தையும் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். காசு வந்ததும் மிச்சப் பேரை அவர்களே கூட்டிவருவார்கள்.